பூட்டுப் போடாத விஞ்ஞானி: ஜெகதீச சந்திர போஸ் வாழ்க்கை வரலாறு

கைபேசி இல்லாத வீடு இன்று அபூர்வம். விழுப்புரம் பக்கத்தில் உள்ள கெடாரிலும் சரி, திண்டிவனத்திலும் சரி, வயலுக்குப் போகிறவர் மடியிலும் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் பையிலும் அது இருக்கிறது.

இந்தக் கைபேசிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஐபோன். மற்றது ஆண்ட்ராய்டு.

ஐபோன், காவல் போட்ட வீடு மாதிரி. கருவியைச் செய்வது, அதை இயக்கும் முறையை எழுதுவது, அதற்குள் எந்தச் செயலியை விடலாம் என்று முடிவு செய்வது, எல்லாம் ஒரே நிறுவனம். ஆண்ட்ராய்டு, ஊர்ச் சந்தை மாதிரி. அதன் அடிப்படை நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. பல நிறுவனங்கள் அதை எடுத்துத் தங்கள் பேசிகளில் போட்டு விற்கின்றன.

எது நல்லது? பூட்டியதா, திறந்ததா? பல வீடுகளில் இந்த வாதம் நடக்கிறது. ஆனால் இது புதிய வாதம் அல்ல. கம்பியில்லாத் தந்தி பிறந்தபோதே இது தொடங்கிவிட்டது. அன்று திறந்த பக்கம் நின்றவர் ஓர் இந்தியர். அவர்தான் ஜெகதீச சந்திர போஸ்.

மீனவர் மகன் தோழன்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்தார். கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர். அந்தப் பகுதி இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. தகப்பனார் பகவான் சந்திர போஸ், பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் பெரிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. மகனைச் சாதாரண வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிள்ளை முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டும், சொந்த மக்களை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வகுப்பில் போசுக்கு வலது பக்கம் உட்கார்ந்தவன், தகப்பனாரின் முஸ்லிம் பணியாளர் ஒருவரின் மகன். இடது பக்கம் உட்கார்ந்தவன் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளையும், விலங்குக் கதைகளையும், நீர்வாழ் உயிர்களின் கதைகளையும் கேட்டுத்தான் சிறுவன் போசுக்கு இயற்கையின் மேல் ஆசை பிறந்தது. தோழர்களோடு வீட்டுக்கு வந்தால் தாயார் எல்லோருக்கும் சேர்த்தே சோறு போடுவார். வேற்றுமை பார்க்க மாட்டார்.

பிறகு கல்கத்தா புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தார். அங்கே லபோன் பாதிரியார் என்ற ஆசிரியர் விஞ்ஞானத்தைச் சோதனை செய்து காட்டிப் பாடம் நடத்துவார். அது போசின் மனத்தைக் கவர்ந்தது.

1880-ல் டாக்டர் படிப்புக்காக லண்டன் போனார். காய்ச்சல் அவரை விடவில்லை. பிணம் அறுக்கும் அறையின் நெடி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் படிப்பை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். புகழ் பெற்ற ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

மூன்று ஆண்டு சம்பளம் வாங்கவில்லை

1885-ல் போஸ் தாயகம் திரும்பினார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது.

அங்கே ஓர் அநீதி இருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போசின் வேலை தற்காலிகமானது. ஆகவே அதிலும் பாதிதான் தருவோம் என்றார்கள். ஒரே வேலை. ஒரே பாடம். சம்பளம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு!

போஸ் சண்டை போடவில்லை. வேலையை விடவும் இல்லை. ஒவ்வொரு நாளும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார். ஆனால் சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி மூன்று ஆண்டுகள் ஓடின.

அப்போது வீட்டு நிலைமையும் நன்றாக இல்லை. தகப்பனார் நாட்டுத் தொழில்களை வளர்க்க வேண்டும் என்று பணத்தைப் போட்டு, நஷ்டப்பட்டு, கடனாளி ஆகியிருந்தார். குடும்ப நிலத்தை விற்றும் கடன் தீரவில்லை.

இந்த நிலையில்தான் 1887-ல் போசுக்கும் அபலா தாசுக்கும் திருமணம் நடந்தது. அபலா நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். வங்காளத்தில் பெண்களுக்கு அந்தப் படிப்பில் இடம் கிடைக்காத காலம் அது. உடல்நலம் கெட்டதால் அவர் படிப்பை முடிக்க முடியாமல் ஊர் திரும்பினார். கணவர் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்த நாட்களில் குடும்பத்தைச் சிக்கனமாக நடத்தியவர் அவர்தான்.

கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. போசை நிரந்தரப் பேராசிரியர் ஆக்கியது. மூன்று ஆண்டுப் பாக்கியையும் முழுச் சம்பளமாகக் கொடுத்தது. அந்தப் பணம் தகப்பனாரின் கடனுக்குப் போயிற்று.

மிளகு அளவு அலை

குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுகிறது அல்லவா? அதுபோல மின்சாரப் பொறியில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத அலை பரவும். இதைச் சோதனையில் நிரூபித்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ். அவர் 1894-ம் ஆண்டு பிறந்த நாளில், 36 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பர் மாதம் போசுக்கு 36 வயது நிறைந்தது. இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று அன்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார்.

கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஒரு சிறிய அறைதான் கிடைத்தது. கருவி செய்ய உள்ளூர் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கினார். செலவு சொந்தப் பணம். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத் தாளைச் செருகி அதையும் ஒரு கருவியாக்கினார். முறுக்கிய சணல் நாரையும் வைத்து அலையைச் சோதித்தார்.

ஹெர்ட்ஸ் செய்த அலைகள் நீளமானவை. போஸ் மிகக் குட்டையான அலைகளைச் செய்தார். 5 மில்லி மீட்டர் நீளம்தான். ஒரு மிளகு அளவு! அந்த அலை விநாடிக்கு 6,000 கோடி முறை அதிரும்.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில் சோதனை நடந்தது. போஸ் ஓர் இடத்தில் இருந்து அலையை அனுப்பினார். அது சுவர்களைக் கடந்து போய், வேறு அறையில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. இடையில் கம்பியே இல்லை. கூடியிருந்தவர்கள் வியப்பில் ஆழ்ந்தார்கள்.

ஒளிக்காமல் காட்டினார்

1896-ல் போஸ் இங்கிலாந்து போனார். 1897-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி லண்டன் ராயல் நிலையத்தில் பேசினார். பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் வந்து கேட்டார்கள். கருவியை மேஜைமேல் வைத்தார். எப்படிச் செய்தேன், எது எப்படி இயங்குகிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எதையும் ஒளிக்கவில்லை.

லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பணம் கொட்டக்கூடிய கண்டுபிடிப்பை இந்த மனிதர் இப்படி வெட்டவெளிச்சமாகச் சொல்கிறாரே என்று அது எழுதியது.

அந்த ஆச்சரியத்துக்குக் காரணம் உண்டு. அதே லண்டனில் இன்னொருவர் எல்லாவற்றையும் பூட்டி வைக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் இத்தாலி நாட்டு இளைஞர் மார்க்கோனி. அப்போது 22 வயது. அலைகளைக் கொண்டு செய்தி அனுப்பும் முறைக்கு 1896-ல் காப்புரிமை கேட்டு மனுக் கொடுத்தார். காப்புரிமை என்றால், கண்டுபிடித்தவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. 1897-ல் அவருடைய நிறுவனம் பிறந்தது. 1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, அட்லாண்டிக் மாகடலின் ஒரு கரையில் இருந்து அனுப்பிய சைகையை மறு கரையில் கேட்டதாக அவர் அறிவித்தார். உலகமே அவரைக் கொண்டாடியது.

அந்தச் சோதனையில் அவர் பயன்படுத்திய பாதரசக் கருவியின் மூலம், 1899-ல் போஸ் வெளியிட்ட கட்டுரைதான் என்று பின்னாளில் ஆராய்ந்த சிலர் எழுதியிருக்கிறார்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு.

கோடீஸ்வரர் கேட்டார், போஸ் மறுத்தார்

1901-ம் ஆண்டு மே மாதம் போஸ் மறுபடியும் லண்டனில் இருந்தார். ராயல் நிலையத்தில் இரண்டாவது முறை பேச இருந்தார். அதற்கு முன்னால் ஒரு பெரிய தந்தி நிறுவனத்தின் முதலாளி அவரைத் தேடி வந்தார். அவர் கோடீஸ்வரர்.

கருவியின் விவரம் எல்லாவற்றையும் மேடையில் சொல்லிவிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். காப்புரிமைக்கு உரிய ஏற்பாட்டைத் தாமே செய்வதாகச் சொன்னார். பணமும் தாமே போடுவதாகவும், லாபத்தில் பங்கு தருவதாகவும் ஆசை காட்டினார்.

போஸ் அப்போது பணக்காரர் அல்ல. கடனின் கொடுமையை அறிந்தவர். ஆராய்ச்சிக்குச் செலவு செய்யக்கூட நண்பர்கள் உதவியை நாட வேண்டிய நிலை. ஆனாலும் மறுத்துவிட்டார். பண ஆசை என்ற சக்கரத்தில் ஒரு தரம் சிக்கினால் மீள முடியாது என்று அஞ்சினார். நடந்ததை எல்லாம் தம் நண்பர் கவி ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதமாக எழுதினார்.

நண்பர்களுக்கு இது பொறுக்கவில்லை. நிவேதிதா அம்மையாரும், அமெரிக்காவைச் சேர்ந்த சாரா புல் அம்மையாரும் விடாமல் வற்புறுத்தினார்கள். அவர்களுக்காகப் போஸ் ஒரே ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார். கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லைக் கொண்டு அலையைக் கண்டறியும் கருவி அது. அமெரிக்க அரசாங்கம் 1904-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி அதற்குக் காப்புரிமை வழங்கியது. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை அதுதான் என்று கருதுகிறார்கள். இன்று கைபேசிக்குள் இருக்கும் சில்லுகள் எல்லாம் குறைக்கடத்திகளே.

அந்த உரிமையை வைத்துப் போஸ் பணம் பண்ணவில்லை. காலாவதி ஆகும்படி விட்டுவிட்டார்.

இளவரசருக்கே கதவு திறக்கவில்லை

பூட்டிய முறை எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

மார்க்கோனி நிறுவனம் கப்பல்களுக்குக் கருவியை விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடும். அதை இயக்கும் ஆளும் அந்த நிறுவனத்தின் ஆள். வேறு நிறுவனத்தின் கருவி உள்ள கப்பல் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது என்பது கட்டளை.

1902-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி ஹென்றி இளவரசர் அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஊர் திரும்பினார். தம்மை உபசரித்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப விரும்பினார். கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. கரையில் இருந்தது மார்க்கோனி நிலையம். செய்தியை வாங்க மறுத்துவிட்டார்கள்!

இளவரசருக்கே இந்தக் கதி என்றால், நடுக்கடலில் ஆபத்தில் சிக்கிய ஏழைக் கப்பலின் கதி என்ன? நாடுகள் விழித்துக்கொண்டன. 1903-ல் ஜெர்மனி பெர்லினில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. 1906-ல் அதே நகரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தக் கருவியில் இருந்து வந்தாலும் கரை நிலையம் செய்தியை வாங்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஆபத்துக் காலத்தில் எல்லாக் கப்பல்களும் ஒரே சைகை தர வேண்டும் என்றும் அங்கேதான் முடிவானது.

மார்க்கோனியைக் குறை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. ஆளும் பணமும் திரட்டி, ஊர் ஊராக நிலையம் கட்டியவர் அவர். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அவர் நிறுவனத்து ஆட்கள் அனுப்பிய சைகையால்தான் உதவிக் கப்பல் வந்து எழுநூறுக்கும் அதிகமானவர்களைக் காப்பாற்றியது. போஸ் வழியைத் திறந்தார். ஆனால் வீதி போடவில்லை. மார்க்கோனி வீதி போட்டார்; ஆனால் சுங்கச்சாவடியும் வைத்தார்.

1909-ல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும், ஜெர்மன் விஞ்ஞானி பிரானுக்கும் கிடைத்தது. போசின் பெயர் அதில் இல்லை.

தொட்டாற்சிணுங்கி

போஸ் அதற்காக வாடிப்போகவில்லை. அவர் மனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் ஏன் சுருங்குகிறது? செடிக்கும் உணர்ச்சி உண்டா? இதை ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி ஒன்றைச் செய்தார். மேல் நாட்டு அறிஞர்கள் சிலர் முதலில் ஏற்கவில்லை. அவர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய்ச் செய்து காட்டினார். 1917-ல் சர் பட்டம் கிடைத்தது. 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1917-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். பல காலமாகச் சேர்த்த சொந்தப் பணத்தை அதில் போட்டார். மக்களும் நன்கொடை தந்தார்கள். இங்கே கண்டுபிடிப்பது எதற்கும் காப்புரிமை எடுக்க மாட்டோம், அது பொதுச் சொத்து என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார். கோடீஸ்வரருக்கு அன்று தனியாகச் சொன்ன பதிலை இப்போது ஊரறியச் சொல்லிவிட்டார்.

அபலா அம்மையாரும் சும்மா இருக்கவில்லை. 1919-ல் பெண் கல்விக்காக ஒரு சங்கம் அமைத்து, கிராமப் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார்.

1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். 79 வயது நிறைய ஒரு வாரமே பாக்கி. அதே ஆண்டு ஜூலை மாதம் மார்க்கோனியும் ரோம் நகரில் காலமாகியிருந்தார்.

இன்றைய பூட்டும் திறப்பும்

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. கம்பியில்லாத் தந்தி வளர்ந்து வானொலி ஆயிற்று. பிறகு கைபேசி ஆயிற்று. 2007-ல் ஐபோன் வந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு பேசி விற்பனைக்கு வந்தது.

ஐபோனின் திரை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பழகுவது சுலபம். செயலிகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால் மோசடிப் பயம் குறைவு. ஆனால் விலை அதிகம், கட்டுப்பாடும் அதிகம். ஆண்ட்ராய்டில் திரையை விருப்பம்போல் மாற்றலாம். குறைந்த விலையிலும் கிடைக்கும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் திரை வேறுபடும். கண்ட இடத்தில் இருந்து செயலியை இறக்கினால் பணத்தைப் பறிகொடுக்கவும் நேரும்.

தமிழில் எழுதும் விசைப்பலகையையே எடுத்துக்கொள்வோம். வேறு ஒருவர் செய்த விசைப்பலகையைப் பேசி முழுவதற்கும் பொருத்திக்கொள்ள ஆண்ட்ராய்டு 2009-ல் இடம் கொடுத்தது. ஐபோன் 2014-ல்தான் அந்தக் கதவைத் திறந்தது.

திறந்தது என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டை நடத்தும் கூகுள், தன் செயலிகளையும் சேர்த்துப் போடும்படி பேசி செய்பவர்களைக் கட்டாயப்படுத்துகிறது என்று புகார் எழுந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022-ல் அதற்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பூட்டிய ஆப்பிளையும் ஐரோப்பா விடவில்லை. அங்கே வேறு செயலிக் கடைகளுக்கும் 2024-ல் இடம் கொடுக்க வேண்டி வந்தது.

இத்தனை வேறுபாடு இருந்தும், ஐபோனில் இருந்து ஆண்ட்ராய்டுக்குத் தடையில்லாமல் பேச முடிகிறது. எந்தக் கருவி என்று கேட்டுக் கோபுரம் கதவை அடைப்பதில்லை. 1906-ல் நாடுகள் போட்ட விதியில் தொடங்கிய பழக்கம் அது. அறிவு பொதுச் சொத்து என்று போஸ் தனி மனிதராகச் செய்ததை, நாடுகள் சட்டமாகச் செய்ய வேண்டி இருந்தது.

போஸ் செய்த மிளகு அளவு அலைக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. அதிவேக 5ஜி சேவைக்காக மில்லி மீட்டர் அலை வரிசையை 2022-ல் இந்தியாவிலும் ஏலம் விட்டார்கள். அதே ஆண்டில்தான் நம் நாட்டில் 5ஜி வந்தது. போஸ் செய்த அந்தப் பழைய சோதனைகளுக்கு உலக மின்பொறியாளர் சங்கம் 2012-ல் சிறப்புச் செய்தது.

எந்தப் பேசியை வாங்குவது என்பது அவரவர் பணத்தையும் தேவையையும் பொறுத்தது. வீட்டுக்குப் பூட்டு வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஊர்க் கிணற்றுக்கு யாரும் பூட்டுப் போடக்கூடாது. அலையின் ரகசியத்தை ஊர்க் கிணறாக நினைத்தார் போஸ். அதனால் அவர் கோடீஸ்வரர் ஆகவில்லை. அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் கல்கத்தாவில் நடந்து வருகிறது.